பன்னிரண்டு நாள் வாய்க்கால், மூன்று வருஷ வாய்க்கால்

1. அரைக் கை

அந்த யோசனை எனக்கு வந்தது ஓர் அரைக் கையைப் பார்த்தபோதுதான்.

மே ஒன்றாம் தேதி கிராம சபை. மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி. ஊர்ப் பேர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. என் வேலை என்னவென்றால், ஊராட்சிகளுக்கு வளர்ச்சித் திட்டம் எழுதிக் கொடுப்பது. பி.இ. சிவில் முடித்து, ஒப்பந்தத்தில் சேர்ந்து, சங்கரன்கோவிலிலிருந்து ஸ்கூட்டரில் அளக்கிற டேப்பும் லேப்டாப்புமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உலகத்தைத் திருத்த அதுவே அதிகம் என்று நினைத்த காலம்.

அன்றைக்கு ஊர் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஊராட்சிக்கு அந்த வருஷம் ஒரு பெரிய வேலைதான் கிடைக்கும். தீர்மானத்தில் முதலில் எது வருகிறதோ அது நடக்கும், இரண்டாவது வருவது அடுத்த தலைமுறைக்கு. போட்டியில் இரண்டு இருந்தன. ஒன்று, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். சீமைக்கருவேலம் மண்டி, தூர்ந்து, வாய்க்கால் இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் கிடந்தது. இன்னொன்று, சுடுகாட்டில் எரிமேடைக்கு மேலே ஒரு கொட்டகை.

நான் புரொஜெக்டர் கொண்டுபோயிருந்தேன். வரத்துக்கால் சரியானால் குளம் பெருகும், குளம் பெருகினால் கிணறு ஊறும், பத்துப் பதினைந்து வருஷத்தில் ஊர் எப்படி இருக்கும் என்று பச்சைப் பசேல் என்று படம் போட்டுக் காட்டினேன். கடைசி ஸ்லைடில் என் துருப்புச் சீட்டு: "ஜேசிபி வைத்துப் பன்னிரண்டே நாளில் முடித்துவிடலாம்!"

கூட்டத்திலிருந்து "ஓ" என்று ஒரு சத்தம் வந்தது. ஆச்சரியப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊராட்சிச் செயலர் சுடலை அண்ணன் எழுந்தார். "சுடுகாட்டுக் கொட்டகை வேணும்ங்கவங்க கை தூக்குங்க. எண்ணி முடியிற வரைக்கும் கீழ போட்டுராதீங்க."

தோப்பு மாதிரிக் கைகள். முன்வரிசையில் அருணாசலம் அண்ணாச்சி, எழுபதைத் தாண்டியவர், வலது கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி அங்கேயே நிறுத்தியிருந்தார்.

"அண்ணாச்சி, இது கை தூக்குனதா, இல்ல சொறியதுக்குத் தூக்குனதா?"

"எலே சுடலை, தோள்பட்டை பிடிச்சு ஆறு மாசமாச்சு. இதுக்கு மேல தூக்கணும்னா நீதான் வந்து தூக்கிவிடணும்."

"அப்ப அரைக் கைன்னு போட்டுக்கிடுதேன்."

"அரை ஓட்டுன்னு எழுதிராத. முழு மனசோடதான் தூக்கிருக்கேன்."

கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த அரைக் கைக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகைக்கு முப்பத்தேழு. வாய்க்காலுக்கு ஆறு. முப்பத்தேழில் ஒருவருக்கும் அறுபதுக்குக் கீழே வயசு இருக்காது. கல்லூரியில் படித்தது ஞாபகத்துக்கு வந்தது: மூத்தவர்கள் பெருகப் பெருக, இருபது வருஷம் கழித்துப் பலன் தரும் செலவுக்கு ஓட்டு குறையும். அட, பாடப் புத்தகம் கண் முன்னால் கை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே என்று தோன்றியது.

தண்ணீர் யாருக்கு வேண்டுமோ அவர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பெயர் மட்டும் இங்கே வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால்? அதுதான் யோசனை.

2. நாற்பத்து மூன்று தலைகள்

வாய்க்காலுக்குக் கை தூக்கிய ஆறு பேரில் ஒருத்தி செல்வி. இருபத்தொன்பது வயசு. கணவன் கண்ணனோடு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவள். அங்கே ஒற்றை அறை வாடகையும் தூசியும் பிள்ளைக்கு மூச்சிரைப்பும் போதும் என்று, போன வருஷம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமனார் நிலத்தில் வெள்ளாமை பார்க்க வந்துவிட்டாள். கண்ணன் வரவில்லை. குளத்தில் தண்ணீர் நின்றால் வருவதாகச் சொல்லியிருந்தான். அந்த ஊரில் முப்பது வயசுக்குள் மண்வெட்டி பிடிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

கூட்டம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மேடம், இந்த வருசமும் வாய்க்கால் இல்லன்னா தை பொறந்ததும் நான் திரும்பப் போயிருவேன். வானத்த மட்டும் நம்பி ஒத்தையில எத்தன வருசம் விதைக்க? அவுககிட்ட வாங்கன்னு சொல்லுததுக்கு எங்கிட்ட ஒரு காரணமாவது வேணும்லா?"

நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். தலைகளை எண்ணினேன். என் தோழிகள் என்னிடம் அடிக்கடி குறை சொல்லும் குணம் ஒன்று உண்டு, விதிமுறைப் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரிப் படிப்பது. அது அன்று உதவியது.

"சுடலை அண்ணே, இந்த ஊராட்சிக்குக் கூட்டம் செல்லணும்னா எத்தனை பேர் வேணும்?"

"அம்பது, மேடம்."

"நாற்பத்து மூணு பேர்தானே இருந்தாங்க?"

சுடலை அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். "மேடம், அதெல்லாம் சாயங்காலம் நோட்ட எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வீடு போனா கையெழுத்துப் போட்டுருவாங்க. எப்பவும் அப்படித்தான்."

"வீட்டுக்கு வீடு போனா அது கிராம சபையா, கல்யாணப் பத்திரிகையா?"

அவர் நோட்டை மூடினார். "சரி, ஆகஸ்ட் பதினஞ்சுக்குத் திரும்ப வைக்கேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், ஏழு பேர் கூட வந்தா ஏழு பேரும் கிழடாத்தான் இருப்பாக."

"அதை நான் பார்த்துக்கிறேன்" என்றேன். எவ்வளவு தைரியம் பாருங்கள்.

3. கொடைக்கு வந்தவர்கள்

அந்த ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா ஆடிக் கடைசியில் வரும். வெளியூரில் இருக்கிற பயல்கள் எந்த நல்லது கெட்டதுக்கு வராவிட்டாலும் கொடைக்கு வந்துவிடுவார்கள். கொடை முடிந்த மறுநாள் கிராம சபை. பஞ்சாங்கம் என் பக்கம் இருந்தது.

ஜூன் மாதமே வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். "நம்ம ஊர் நம்ம தண்ணி" என்று பேர் வைத்தேன். செல்வி நம்பர்கள் கொடுத்தாள். ஐம்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு வாய்ஸ். வறண்ட குளம், அதே குளம் நிரம்பினால் எப்படி இருக்கும் என்று நானே வரைந்தது, தூர்ந்த வாய்க்காலில் மேயும் ஆடு. எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். கண்ணன் இரண்டு கட்டை விரல் போட்டான். நான் அதை ஓட்டு என்று எண்ணிக்கொண்டேன்.

பெரியவர்கள் யாரிடமும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்குப் பேச வேண்டும்? அவர்கள் எதிரணி.

கிராம சபைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒன்றிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளர், ஏ.இ. சார், என் எஸ்டிமேட்டைத் திருப்பி நீட்டினார்.

"வாய்க்காலுக்கு மெஷின் கிடையாதும்மா. மண் வேலைய இந்த வருசம் ஆள் வச்சுத்தான் செய்யணும்னுட்டாங்க. நூறு நாள் வேலைல போட்டுக் குடு."

"சார், அந்த நீளத்துக்கு ஆள் வைத்தால் என்றைக்கு முடியும்?"

"மூணு கட்டமா, மூணு பேஸா பிரி. வருசத்துக்கு ஒண்ணு."

"மூணு வருஷமா!"

"ஏன், நீ எங்கயும் போறியா?"

பன்னிரண்டு நாள் மூன்று வருஷம் ஆகிவிட்டது. பன்னிரண்டு நாளுக்கே ஆறு கைதான். மூன்று வருஷம் என்றால் செல்விகூடக் கை தூக்குவாளா என்று சந்தேகமாக இருந்தது. குழுவில் இதைப் போடவில்லை. கூட்டத்தில் மெதுவாக வாசித்துவிடலாம், பயல்கள் ஏற்கெனவே மனசை முடிவு பண்ணியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். நேர்மையான காரியம் இல்லை. ஆனால் நடந்தது அதுதான்.

4. எதிரணி

ஆகஸ்ட் பதினைந்து. கூடம் கொள்ளவில்லை. ஒரு பக்கம் பெரியவர்கள், இன்னொரு பக்கம் ஜீன்ஸ், புது மஞ்சள் நூல், கொடை ராத்திரியில் தூங்காத கண்கள். சுடலை அண்ணன் நூற்றுக்கு மேல் எண்ணிவிட்டு என்னிடம் குனிந்து, "கோரத்துக்கு ஆள் இருக்கு மேடம், மூச்சு விடத்தான் எடமில்ல" என்றார்.

நான் இந்தத் தடவை புரொஜெக்டர் போடவில்லை. எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு தாழ்ந்த குரலில் வாசிக்க முடியுமோ அவ்வளவு தாழ்த்தி வாசித்தேன்.

"வரத்துக்கால் தூர்வாருதல்... ஆட்களைக் கொண்டு... மூன்று கட்டமாக... மூன்று வருஷம்..."

"பாப்பா, என்ன முணுமுணுக்க? காதுல விழல." பேச்சியம்மாள் குரல். எழுபது வயசு, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் வாய் பெரியவர். "எத்தன வருசம்?"

"மூணு வருஷம்ங்க, ஆச்சி" என்றேன்.

"மெஷினு?"

"இல்லங்க. மெஷின் கிடையாது. ஆள் வச்சுத்தான்."

பெரியவர்கள் பக்கம் ஒரு சலசலப்பு. தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டே பயல்கள் பக்கம் பார்த்தேன். அவர்கள் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லது.

சுடலை அண்ணன் எழுந்தார். "மொதல்ல கொட்டகை. வேணும்ங்கவங்க கை தூக்குங்க."

ஜீன்ஸ் பக்கம் அத்தனை கையும் மேலே போனது. நான் அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்து எழுந்தே நின்றுவிட்டேன்.

"தம்பிகளா, இது கொட்டகைக்கு! வாய்க்கால் அடுத்தது!"

"தெரியும் மேடம்" என்றான் முன்னால் நின்றவன். கண்ணன். செல்வியின் கண்ணன். "கொட்டகைக்குத்தான் தூக்குதோம்."

"குரூப்பில் ரெண்டு கட்டை விரல் போட்டீங்களே?"

"படம் நல்லாருந்திச்சு மேடம், அதுக்குப் போட்டேன்." பின்னால் சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை. "எங்க அப்பா போனது ஐப்பசி அடமழைல. தார்ப்பாய நாலு பேரு நாலு மூலைல பிடிச்சுக்கிட்டு நின்னோம். விறகு பத்தல. டயரப் போட்டுத்தான் எரிச்சோம். அப்பாவ டயரப் போட்டு எரிச்சிட்டு மறுநாளே பஸ் ஏறிட்டேன், லீவு இல்ல. நாங்க ஊருக்கு வாரதே கொடைக்கும் எழவுக்கும்தான். அதுல ஒண்ணாவது ஒழுங்கா நடக்கட்டுமே."

அவன் சொன்னது என் ஸ்லைடுகளில் எதிலும் இல்லை.

செல்வி கூடத்தின் மறுபக்கத்திலிருந்து கேட்டாள். "எழவுக்கு வாரேன்னு இருக்கீகளே, எங்ககூட இருக்க எப்ப வாரதா இருக்கீக?"

கண்ணன் கையைக் கீழே போடவில்லை. ஆனால் கொஞ்சம் தாழ்ந்தது. அருணாசலம் அண்ணாச்சி அதைக் கவனித்துவிட்டார்.

"ஏ சுடலை, அங்கன ஒரு அரைக் கை நிக்கி பாரு."

எண்ணிக்கை முடிந்தது. கொட்டகைக்கு நாற்பத்தெட்டு. எல்லாம் நான் வருந்தி அழைத்த விருந்தாளிகள். "அடுத்தது வாய்க்கால்" என்றார் சுடலை அண்ணன். நான் எஸ்டிமேட்டை மடிக்கத் தொடங்கினேன்.

முதலில் பேச்சியம்மாள் கை. பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர் கை. பிறகு அந்தப் பக்கம் முழுவதும். சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள், சுடலை அண்ணன் ஒன்றைக் கீழே போடச் சொன்னார். அருணாசலம் அண்ணாச்சி வலது கையை இடது கையால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தலைக்கு மேலே ஏற்றி நிறுத்தினார்.

வாய்க்காலுக்கு அறுபத்தொன்று.

நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "மே மாசம் வேண்டாம்னு சொன்னீங்களே?"

"வேண்டாம்னு யாரு சொன்னா?" பேச்சியம்மாள் எழுந்து நின்றார். "பன்னெண்டு நாள்ல முடிச்சிருவேன்னு நீதான சொன்ன. மெஷினு வந்து கரகரன்னு இழுத்துட்டுப் போயிரும், நாங்க கரையில குத்தவச்சு வேடிக்க பாக்கணும். பன்னெண்டு நாளு முடிஞ்சா பதிமூணாம் நாளு? வீட்டுல போயி மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். அதுக்குத்தான், நமக்குச் சுடுகாட்டுல ஒரு கொட்டகையாவது கெடைக்கட்டும்னு தூக்குனோம்."

"அப்போ மூணு வருஷம் ஆகும்னு சொன்னா..."

"அப்படிச் சொல்லு!" என்றார் அண்ணாச்சி. கை இன்னும் மேலேயே இருந்தது, இறக்க முடியவில்லையோ என்னவோ. "மூணு வருசம் வேல இருக்குன்னா மூணு வருசம் இருந்துதான ஆவணும்? அதுக்குள்ள போயிட்டா வேலைக்கு வந்தேன்னு மஸ்டர் ரோல்ல யாரு கையெழுத்துப் போடுவா?"

"பாப்பா, ஒரு சந்தேகம்" என்றார் பேச்சியம்மாள். "இன்னும் ரெண்டு வருசம் சேத்துப் போட முடியுமா?"

கூடம் இடிந்துவிடும் போலச் சிரிப்பு. நான் எஸ்டிமேட்டை விரித்து, மூன்று வருஷம் என்ற இடத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மறைக்கப் பார்த்த அந்த ஒரு வரிதான் ஜெயித்திருந்தது.

5. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

இதைப் படிக்கிற உங்களில் பலர் என்னை மாதிரியே லேப்டாப்போடு கிளம்பப் போகிறீர்கள். அதனால் நான் செய்த தப்பைப் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். எஸ்டிமேட்டில் "முடிக்க ஆகும் காலம்" என்று ஒரு கட்டம் வரும். அதில் எவ்வளவு சின்ன எண் போடுகிறோமோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தக் கட்டம் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று நான் கேட்டதே இல்லை. வயசைப் பார்த்தேன், ஓட்டைக் கணித்தேன், ஆளிடம் கேட்கவில்லை.

அதற்காகப் பாடப் புத்தகம் பொய் என்று சொல்ல வரவில்லை. குருவிகுளம் பக்கம் இன்னொரு ஊரில் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடமும் பஸ் ஸ்டாப் நிழற்குடையும் போட்டியிட்டன. நிழற்குடை ஜெயித்தது. கை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாம் கோவையில் படிக்கிறார்கள். அங்கே என்ன தந்திரம் செய்தும் பலிக்கவில்லை. அறையில் இல்லாத பிள்ளைக்காக யார் கை தூக்குவார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. வாய்க்கால் ஊரிலும் அவர்கள் பிள்ளைகளுக்காகத் தூக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. தங்களுக்காகத்தான் தூக்கினார்கள். பலன் மட்டும் இருபது வருஷம் கழித்து வேறு யாருக்கோ போகும். அதுவும் ஒரு வழிதான் என்று இப்போது படுகிறது. தொலைவில் இருக்கும் பலனைக் காட்டி ஆசை காட்டுவதை விட, வேலை நடக்கிற நாட்களையே ஒருவருக்குப் பலனாக ஆக்கிவிடுவது.

முதல் பேஸ் முடிந்தது. சொன்ன காலத்துக்கு ஒன்றரை மாதம் கூடவே ஆனது. யாரும் வருத்தப்படவில்லை. அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுதும்போது பார்த்தேன், கரைச்சரிவு கோடு போட்ட மாதிரி இருந்தது. கருவேல வேர் மட்டும்தான் பெரிய தொல்லை. பெரியவர்கள் மண் அள்ளிவிடுவார்கள், கடப்பாரை போட்டு வேரைக் கிளப்புவது செல்வி ஒருத்திதான். "வயசுப் பிள்ளைன்னு ஒண்ணாவது இருக்கே" என்று பேச்சியம்மாள் தினமும் சொல்லுவார். ஒருநாள் செல்வி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு போதாது ஆச்சி. இன்னொண்ணு திருப்பூர்ல கெடக்கு."

தை பிறந்தது. அவள் போகவில்லை. சின்ன மழைக்கே புது வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியதை வீடியோ எடுத்துக் கண்ணனுக்கு அனுப்பியிருந்தாள். அவன் கட்டை விரல் போடவில்லை. போன் பண்ணினான். அரை மணி நேரம் பேசினார்களாம். வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கொட்டகையை அடுத்த தீர்மானத்தில் முதலில் போட்டால் யோசிக்கிறானாம். அது நியாயமான கோரிக்கை. பெரியவர்களிடம் பேசியாகிவிட்டது. கூரையை மெதுவாகப் போட முடியுமா என்று பேச்சியம்மாள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

வருகிற மாதம் இரண்டாம் பேஸுக்கு அளவெடுக்க வேண்டும். அந்தத் துண்டு வாய்க்கால் கண்ணனின் அப்பா நிலத்தை ஒட்டித்தான் போகிறது. எல்லை காட்ட நிலத்துக்காரர் இருக்க வேண்டும், டேப்பின் ஒரு முனையையும் அவரே பிடிக்க வேண்டும் என்று நானே அவனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். செல்வியே காட்டலாம், அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எத்தனை நாளு ஆகும் மேடம்?" என்று கேட்டான்.

அரை நாள் வேலை. பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.